இடையூறா, இக்கட்டா, சிக்கலா? சரியான சொல்லை எடுக்கும் வழி

மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஆலை நிர்வாகம் ஒன்று அனுப்பிய செய்திக்குறிப்பு என் மேசைக்கு வந்தது. "இயந்திரத்தில் ஏற்பட்ட சிறு தடங்கலால் உற்பத்தி இரண்டு மணி நேரம் நின்றது" என்று எழுதியிருந்தார்கள். ஒற்றுப்பிழை இல்லை, எழுவாயும் பயனிலையும் பொருந்தியிருந்தன. கையொப்பமிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு பெண் அந்தத் தாளை நான்காக மடித்துக் கையில் வைத்தபடி வரவேற்பறையில் காத்திருந்தார். "அம்மா, என் வீட்டுக்காரருக்கு மூன்று விரல் போய்விட்டது. அதற்குப் பெயர் சிறு தடங்கலா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. தெரிந்துகொள்ள வந்தவரைப் போலவே கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை ஒரு குறிப்பேடு வாங்கி, எதிர்பாராமல் வரும் துன்பங்களுக்குத் தமிழில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்தக் குறிப்பேடு நீண்டுகொண்டே இருக்கிறது. கடிதம், விண்ணப்பம், அறிக்கை, செய்தி என்று எதை எழுதினாலும் இந்தச் சொற்கள் இல்லாமல் முடியாது. அவற்றில் எதை எங்கே எடுப்பது என்பதை நான் கற்ற முறையிலேயே சொல்கிறேன்.

முதலில் 'இடையூறு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். இடை என்றால் நடு. ஊறு என்றால் வந்து உறுகிற தீங்கு. ஆக, ஒரு செயல் தொடங்கிய பிறகு, அது முடிவதற்கு முன்னால் நடுவழியில் வந்து சேர்வது இடையூறு. திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தில், செயலில் இறங்குபவர் பார்க்க வேண்டியவை என்று முடிவையும் இடையூற்றையும் கிடைக்கப்போகும் பயனையும் சேர்த்து அடுக்கியிருக்கிறார் வள்ளுவர். முடிவுக்கும் பயனுக்கும் பக்கத்திலேயே இடையூறும் நிற்கிறது. செயல் இல்லாவிட்டால் இடையூறும் இல்லை. இந்தச் சொல்லை எடுப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: எது நடந்துகொண்டிருந்தபோது அதன் நடுவில் இது வந்தது? விடை கிடைத்தால் எழுதலாம். "படிப்புக்கு இடையூறு", "போக்குவரத்துக்கு இடையூறு", "உறக்கத்துக்கு இடையூறு" எல்லாம் சரி. "அவருடைய வாழ்வில் பல இடையூறுகள்" என்று எழுதினால் சொல் மிதக்கிறது. எதன் நடுவில் என்று தெரியவில்லை. அங்கே 'இன்னல்' என்றோ 'துன்பம்' என்றோ எழுதினால் வாக்கியம் தரையில் கால் ஊன்றும்.

உருபு ஏற்கும்போது ஒரு கவனம் வேண்டும். சோறு சோற்றை ஆகிறது, வயிறு வயிற்றை ஆகிறது. அதே விதிப்படி இடையூறு இடையூற்றை என்றும், கோளாறு கோளாற்றை என்றும் ஆக வேண்டும். 'இடையூறை', 'கோளாறால்' என்று நாள்தோறும் அச்சில் வருகின்றன. பலமுறை பார்த்துக் கண் பழகிவிட்டாலும், நான் இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். 'இடையூறாக', 'இடையூறுகள்' என்னும் இடங்களில் இரட்டிக்க வேண்டியதில்லை.

இனி இடையூற்றுக்கு உறவான மற்றச் சொற்களுக்கு வருவோம். இவற்றைப் பிரித்தறிய எனக்கு மிகவும் உதவிய கேள்வி, இதைச் செய்தவர் யார் என்பதுதான்.

தடங்கலைச் செய்தவர் என்று யாரும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது, மறுபடி ஓடும், அவ்வளவுதான். தூர்தர்ஷன் திரையில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற வரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் அளவு விளக்காமலே புரியும். படம் நின்றது, சற்று நேரத்தில் வந்தது. விரல் போனதற்கு அந்தச் சொல் ஏன் பொருந்தவில்லை என்பதும் இங்கேயே விளங்குகிறது. நின்றது திரும்ப வரும் என்ற உறுதி தடங்கலுக்குள் இருக்கிறது.

தடை என்றால் அதிகாரம் உள்ள ஒருவர் போட்டது, அல்லது தாண்ட முடியாதபடி குறுக்கே நிற்பது. நீதிமன்றம் தடை விதிக்கும், தடங்கல் விதிக்காது. முட்டுக்கட்டை என்பது வேண்டுமென்றே ஒருவர் போடுவது. இதன் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து அதை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் கட்டுக்குள் நிற்காது. தேரைக் காப்பாற்றிய கட்டைக்கு இன்றைய பேச்சில் கெட்ட பொருள் மட்டும் மிஞ்சியிருப்பது வருத்தம்தான். ஆனாலும் வழக்கை மதிக்க வேண்டும். "அவர் முட்டுக்கட்டை போட்டார்" என்று எழுதினால் அவர்மேல் குற்றம் சுமத்துகிறீர்கள். சான்று இல்லாதபோது அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். ஒரு கோப்பு மேசையில் ஆறு வாரம் கிடந்தால் அது 'தாமதம்'. கிடக்கச் செய்தவர் யார், ஏன் என்று தெரிந்த பிறகுதான் அது முட்டுக்கட்டை.

இடைஞ்சல் இவர்கள் வீட்டுப் பிள்ளைதான். வீட்டுக்குள் புழங்குகிற சொல். "உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறேனா?" என்று விருந்தாளி கேட்கலாம். அதே இடத்தில் இடையூறு என்று கேட்டால் விறைப்பாக இருக்கும்.

கோளாறு, இயந்திரத்துக்கும் உடம்புக்கும் உரியது. குளறுபடி, பட்டியல், கணக்கு, ஏற்பாடு ஆகியவற்றில் மனிதர் கை பட்டு நேர்வது. வாக்காளர் பட்டியலில் பெயர் இரண்டு முறை வந்தால் குளறுபடி. அதைப் பதிவு செய்த கணினி நின்றுபோனால் கோளாறு. இவை இரண்டையும் மாற்றிப் போட்டால் பொறுப்பு இடம் மாறிவிடும். மனிதர் செய்த தவற்றை 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி அனுப்பும் அறிக்கைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு சொற்களைக் கண்டால் இப்போதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறேன்.

வில்லங்கம் தனி இனம். வெளியே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்து பிறகு தலைகாட்டுவது. நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. விற்பவர் முகத்தில் எழுதியிராத பழைய அடமானம் பதிவேட்டில் இருக்கும். ஆகவே, நேற்று புதிதாக முளைத்த சிக்கலை வில்லங்கம் என்று எழுதாதீர்கள். முன்பே இருந்து இன்று தெரியவந்ததற்கே அந்தப் பெயர்.

இப்போது நெருக்கும் சொற்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி நாள் முழுவதும் பேசுவேன். நெருக்கடி என்ற சொல்லில் 'நெருக்கு' இருக்கிறது. சங்கடம் வடமொழியிலிருந்து வந்தது; அங்கே அதற்குக் குறுகிய, ஒடுங்கிய இடம் என்று பொருள். இக்கட்டு என்று சொல்லும்போதே இரு பக்கமும் சுவர் எழும்புகிறது. துன்பத்தை இடமின்மையாகப் பார்த்த மொழிகள் இவை. முன்னே போக முடியவில்லை, பின்னே திரும்ப முடியவில்லை, கையை நீட்டவும் இடமில்லை. இந்த உணர்வு இருந்தால்தான் இவற்றை எடுக்க வேண்டும்.

அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நெருக்கடி பலருக்கும் பொதுவாக வரும், காலம் குறைவாக இருக்கும், உடனே முடிவெடுக்க வேண்டும். நிதி நெருக்கடி, குடிநீர் நெருக்கடி என்கிறோம். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நாட்டில் நடைமுறையில் இருந்ததை நெருக்கடி நிலை என்றே தமிழில் எழுதுகிறோம். ஒரு வீட்டில் மாதக் கடைசியில் பணத்துக்குத் தட்டுப்பாடு வருவதை அதே சொல்லால் எழுதும்போது சற்றே யோசியுங்கள். 'பணமுடை' என்ற அழகான சொல் காத்திருக்கிறது. கூட்டம் நெருக்குவதற்கு நெரிசல் என்று தனிச் சொல் இருக்கிறது. அங்கே நெருக்கடி வேண்டாம்.

இக்கட்டு ஒருவருக்கு வருவது. இரண்டு வழியும் அடைபட்ட நிலை. "இருதலைக் கொள்ளி எறும்பு" என்ற உவமை இக்கட்டின் படம்தான்: குச்சியின் இரு முனையிலும் தீ, நடுவில் எறும்பு. சங்கடம் இன்றைய தமிழில் மிகவும் மென்மையாகிவிட்டது. கடன் வாங்கிய நண்பரை வழியில் பார்த்தால் சங்கடம். மனம் கூசுகிறது, அவ்வளவுதான். உயிருக்கு ஒன்றும் இல்லை. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'சங்கடத்துக்கு ஆளானார்கள்' என்று ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். பழைய பொருளில் தவறில்லை. இன்று படிப்பவருக்கோ அவர்கள் வெட்கப்பட்டார்கள் என்று கேட்கும்.

தர்மசங்கடம் அதைவிட நுட்பமானது. இரண்டு கடமைகள் இரு பக்கம் இழுக்கும்போது மட்டுமே அதற்கு இடம். நண்பர் செய்த தவற்றுக்கு நீங்களே கண்கண்ட சாட்சி: உண்மையும் கடமை, நட்பும் கடமை. அது தர்மசங்கடம். விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயர் மறந்துபோனால் அது வெறும் சங்கடம்.

அடுத்தது வினைச்சொல். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, எழுத்து தட்டையாவதும் இங்கேதான். எல்லாவற்றுக்கும் 'ஏற்பட்டது' என்று எழுதி, எல்லாவற்றையும் 'தீர்த்தார்' என்று முடிக்கிறோம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கான வினையைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. சிக்கல், நூலும் தலைமுடியும் சிக்கிக்கொள்வதிலிருந்து வந்தது. எனவே சிக்கலை அவிழ்க்கிறோம், பிரிக்கிறோம். பொறுமை வேண்டும், அவசரமாக இழுத்தால் இறுகும். தடையைத் தகர்க்கிறோம், தாண்டுகிறோம். முட்டுக்கட்டையை அகற்றுகிறோம். இடரைக் களைகிறோம், வயலில் களை எடுப்பதைப் போல வேரோடு. உடை நழுவும்போது கை விரைந்து போவதைப் போல நண்பனின் இடுக்கண் களைவதே நட்பு என்ற குறளிலும் இதே வினைதான். நெருக்கடி முற்றும், பிறகு தணியும். இக்கட்டில் மாட்டிக்கொள்கிறோம், அதிலிருந்து மீள்கிறோம். கோளாற்றைச் சரிசெய்கிறோம். இடையூறு நேர்கிறது, அல்லது ஒருவர் இடையூறு செய்கிறார். இந்தப் பொருத்தத்தைக் காதால் பழக்கப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு: வாக்கியத்தை உரக்கப் படித்து, அந்த வினையை உங்கள் கையால் செய்து பாருங்கள். 'சிக்கலைத் தகர்த்தார்' என்று எழுதியிருந்தால் கை தயங்கும்.

பட்டவர் நிலையைச் சொல்லும் சொற்கள் வேறு. அவதி, திண்டாட்டம், தவிப்பு, அல்லல் ஆகியவை வெளியே நடந்ததைச் சொல்வதில்லை, உள்ளே நடப்பதைச் சொல்கின்றன. "பஸ் வராததால் பயணிகளுக்குத் தடங்கல்" என்றால் பஸ்ஸைப் பற்றிய செய்தி. "பயணிகள் அவதி" என்றால் வெயிலில் நிற்கும் மனிதர்களைப் பற்றிய செய்தி. நான் எப்போதும் இரண்டாவதை விரும்புவேன். திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்ற அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதுதான். அதன் பத்துக் குறள்களுக்குள் இடுக்கண், இடும்பை, இடர்ப்பாடு, அல்லல், கலக்கம், கையாறு, துன்பம், இன்னாமை என்று எட்டுச் சொற்கள் வருகின்றன. வருவது இடுக்கண், வந்தபின் மனம் அடைவது கலக்கம், செய்வதறியாமல் ஓய்ந்துபோவது கையாறு. அந்த அதிகாரத்தை அகராதியைப் போலவும் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

'இடர்' பற்றி ஓர் எச்சரிக்கை. பாட்டிலும் பழைய உரைநடையிலும் அது வந்துவிட்ட துன்பம். இன்றைய நிர்வாகத் தமிழில் அது இன்னும் வராத, வரக்கூடிய தீங்கு: 'இடர் மதிப்பீடு' என்றால் எது நேரலாம் என்ற கணக்கு. அறிக்கையில் "மூன்று இடர்கள் உள்ளன" என்று எழுதினால், மூன்று நடந்துவிட்டனவா, நடக்கக்கூடுமா என்று படிப்பவர் குழம்புவார். ஒரு சொல் சேர்த்துத் தெளிவாக்குங்கள். பேரிடர் என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வழியாகவும் அது நிலைபெற்றுவிட்டது. இலங்கைத் தமிழில் அதையே அனர்த்தம் என்கிறார்கள். அங்குள்ள அரசு நிறுவனத்தின் பெயரே அனர்த்த முகாமைத்துவ நிலையம். கடல் தாண்டி எழுதும் கடிதமானால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அசம்பாவிதம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது. நேரும் என்று எண்ணியிராதது என்பது அதன் பொருள். 'எதிர்பாராத அசம்பாவிதம்' என்று எழுதுகிறோம். ஒரே பொருளை இரண்டு முறை சொல்கிறோம். அது போகட்டும். அடிதடியா, தீயா, உயிரிழப்பா என்று சொல்லாமல் மூடிவைக்க இது மிகவும் வசதியான துணியாக இருக்கிறது. "அசம்பாவிதம் ஏதும் நடக்கவில்லை" என்று எழுதலாம், அங்கே அது இயல்பு. நடந்துவிட்டால், நடந்ததன் பெயரை எழுதுங்கள். 'எதிர்பாராத விபத்து' என்பதிலும் முதல் சொல் வேண்டாம்; எதிர்பார்த்து விபத்துக்குள் போகிறவர் யார்?

எதிர்பாராமையை அழுத்திச் சொல்ல விரும்பினால் தமிழின் மரபுத்தொடர்களிடம் போங்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்றால், நல்ல வேலையைத் தொடங்கிய இடத்திலேயே பெரிய தொல்லை கிளம்பியது. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்தது என்றால், முடியும் தறுவாயில் எல்லாம் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பதில் தடையே இல்லை. வேலை முடிந்தது, விளைவுதான் வேறு. பட்ட காலிலே படும் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வருவதற்கு. புலிவாலைப் பிடித்த கதை என்றால் விடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது. இவற்றைக் கலந்துவிடக் கூடாது. இடையூறு வேலையின் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்த்தால் தொடர் தானே அமையும்: தொடக்கத்தில் பூதம், கடைசியில் தாழி. அலுவலகக் கடிதத்தில் மட்டும் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

வருத்தம் தெரிவிக்கும்போது 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பது பொதுவாகப் பொருந்தும். சிரமம் என்பது கூடுதல் முயற்சி, களைப்பு. சுற்றுப்பாதையில் போக வேண்டியவருக்கு அது போதும். பொருளோ உடம்போ இழந்தவருக்குப் போதாது. அவருக்கு இழப்பு என்ற சொல்லைத் தயங்காமல் எழுத வேண்டும்.

'பிரச்சினை' என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு நேரம் தொடவில்லை என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் எதையும் சுட்டாத சொல்லாக அது ஆகிவிட்டது. பேச்சில் இருக்கட்டும். எழுதியதைத் திருத்தும்போது ஒவ்வொரு 'பிரச்சினை'யையும் வட்டமிட்டு, மேலே சொன்னவற்றில் ஒன்றை அங்கே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று கச்சிதமாக உட்காரும்.

சென்ற மாதம் என் அண்ணன் மகன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தான். ஆய்வேட்டை ஒப்படைக்கக் காலநீட்டிப்பு கேட்டு நெறியாளருக்கு எழுதியது. "எதிர்பாராத சில அசம்பாவிதங்களாலும் பிரச்சினைகளாலும் ஏற்பட்ட இடையூறுகளின் காரணமாக என்னால் குறித்த காலத்தில் ஆய்வேட்டை முடிக்க இயலவில்லை" என்று தொடங்கியிருந்தான்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது உங்களுக்குத்தான் தெரியுமே, அத்தை. பத்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். அதற்குள் கணினியும் பழுதாகிவிட்டது. இரண்டு இயல்கள் போய்விட்டன."

"அதை ஏன் எழுதவில்லை?"

"சொந்தக் கதையை எழுதினால் நன்றாக இருக்குமா என்று..."

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். முதல் வரியில் அறுவை சிகிச்சை வந்தது, இரண்டாவதில் கணினிக் கோளாறு, மூன்றாவதில் இழந்த இரண்டு இயல்கள். இடையூறு என்ற சொல்லுக்கு அங்கெல்லாம் வேலை இல்லை. நடந்தவை தங்கள் பெயரிலேயே நின்றன. அந்தச் சொல்லை அவன் விட மனமில்லாமல் கையில் வைத்திருந்தான். கடைசி வரியில் இடம் கிடைத்தது.

"ஐயா, முதல் இயலை மறுபடி எழுதி முடித்துவிட்டேன். இனி இடையூறு ஏதும் நேராவிட்டால், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முழு ஆய்வேட்டையும் தங்களிடம் ஒப்படைப்பேன்."